விவாதம்: ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தைப்போல் தமிழுக்கும் ஒன்று வேண்டுமா?

உட்லண்ட்ஸ் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்):

அன்புடையீர், தமிழ்மொழி விழா நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் நம்மிடையே ஒரு கருத்து தவறாமல் எழுகிறது. சிங்கப்பூரில் சீனர்களுக்காக அரசாங்கமே முன்னின்று ஓர் இயக்கம் நடத்தி, பொதுச் சீனமொழியான மாண்டரினை வீட்டுமொழியாக்கியதே, தமிழுக்கும் அதே வேகத்தில் ஒன்றை நடத்தினால் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேச மாட்டார்களா என்பதே அது. இந்த ஒப்பீட்டைச் செய்வதற்கு முன், அந்த இயக்கம் உண்மையில் எதைச் சாதித்தது, எதனால் சாதித்தது, எங்கே தடைப்பட்டு நின்றது என்பதை நாம் ஒருமுறை பொறுமையாகப் பேசிப் பார்க்க வேண்டும். இந்த இழையை அதற்காகவே தொடங்குகிறேன்.

சிங்கப்பூர்ச் சீனர்கள் தொடக்கத்திலிருந்தே ஒரே மொழியைப் பேசியவர்கள் அல்லர். தென்சீனக் கடற்கரையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் ஹொக்கியன் மரபினர். அடுத்த நிலையில் தியோசியூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் மரபினர் இருந்தனர். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் விளங்காது. வீட்டில் கிளைமொழிகள் எனப்படும் இவற்றுள் ஒன்றைப் பேசிவிட்டுப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கு ஆங்கிலமும் அயல்மொழி, மாண்டரினும் ஏறக்குறைய அயல்மொழி. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான, துணைப் பிரதமர் கோ கெங் சுவீ குழுவின் கல்வி அறிக்கை இதைத் தயக்கமின்றிச் சொன்னது. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் பயிலும் மாணவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் அவ்விரு மொழிகளையும் வீட்டில் பேசாதவர்கள் என்றும், இரு மொழிகளிலும் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர்கள் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே என்றும் அது கணக்கிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி பிரதமர் லீ குவான் இயூ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மாண்டரினை அதிகமாகப் பேசுங்கள், கிளைமொழிகளைக் குறைவாகப் பேசுங்கள் என்பதே முதல் முழக்கம். ஐந்து ஆண்டுகளில் இளையர்கள் கிளைமொழியைக் கைவிட வேண்டும். பத்து ஆண்டுகளில் காப்பிக்கடையிலும் உணவங்காடி நிலையத்திலும் சந்தையிலும் சீனர்கள் தங்களுக்குள் மாண்டரினில் பேச வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. அந்த முழக்கத்தின் இரண்டாம் பாதியைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு மொழியை வளர்க்க வேறு சில மொழிகளை ஒதுக்க வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்த இயக்கம் அது. தமிழுக்கு அதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்கள், நாம் எந்த மொழியை ஒதுக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்களின் பக்கம்:

ஆசிரியர் எழுப்பிய கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளே முதல் சான்று என்பதால் அவற்றை இங்கே தருகிறேன். 1980இல் சீனர்களின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு கிளைமொழியே முதன்மையான பேச்சுமொழி. 1990இல் அது ஏறக்குறைய பாதி வீடுகள் என்ற அளவுக்குக் குறைந்தது. 2010இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சீனக் குடியிருப்பாளர்களில் 47.7 விழுக்காட்டினர் வீட்டில் மாண்டரினையும், 32.6 விழுக்காட்டினர் ஆங்கிலத்தையும், 19.2 விழுக்காட்டினர் கிளைமொழிகளையும் அதிகம் பேசினர். அந்த வரிசையை மட்டும் பார்த்தால் இயக்கம் மாபெரும் வெற்றி என்றுதான் எவரும் சொல்வார்கள்.

ஆனால் 2020 கணக்கெடுப்பையும் அதனருகில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் 47.6, மாண்டரின் 40.2, கிளைமொழிகள் 11.8. பத்தே ஆண்டுகளில் மாண்டரின் முதலிடத்தை ஆங்கிலத்திடம் இழந்துவிட்டது. கிளைமொழிகள் காலி செய்த வீடுகளில் முதலில் மாண்டரின் குடியேறியது உண்மைதான். அடுத்த தலைமுறையில் அதே வீடுகளுக்குள் ஆங்கிலம் வந்துவிட்டது. தாத்தா ஹொக்கியன், அப்பா மாண்டரின், மகள் ஆங்கிலம் என்று மூன்று தலைமுறையில் மூன்று வீட்டுமொழிகளைக் கண்ட குடும்பங்கள் இந்தத் தீவில் ஏராளம். முதல் மாற்றத்துக்கு இயக்கம் காரணம் என்று சொல்பவர்கள், இரண்டாம் மாற்றத்தை அதே இயக்கத்தால் ஏன் தடுக்க முடியவில்லை என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். இயக்கம் இடையில் நின்றுவிடவில்லை. இன்றுவரை அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தேக்கா வாசி:

இரண்டாம் மாற்றத்தைத் தடுக்க முடியாததற்குக் காரணம் என் பார்வையில் மிகவும் எளியது. கிளைமொழிகளுக்கு எதிராக அரசாங்கத்தின் கையில் கருவிகள் இருந்தன. ஆங்கிலத்துக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்த யாரும் எண்ணவும் இல்லை, எண்ணியிருக்கவும் முடியாது.

அந்தக் கருவிகள் சுவரொட்டிகள் அல்ல. வானொலியும் தொலைக்காட்சியுமே அவை. ரெடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலி 1949இலிருந்து இங்கே இயங்கியது. அதில் கான்டனீஸில் லீ தாய் சோர், ஹொக்கியனில் ஓங் தோ, தியோசியூவில் இன்னொருவர் என்று கதைசொல்லிகள் பெரும்புகழ் பெற்றிருந்தனர். கடைகளில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. தொலைக்காட்சியில் ஹாங்காங் தொடர்கள் கான்டனீஸை விட்டுவிட்டு மாண்டரின் ஒலிச்சேர்க்கையுடன் வரத் தொடங்கின. அரசாங்க முகப்புகளில் பணியாற்றுவோர் முதியவர்களைத் தவிர மற்றச் சீனர்களிடம் கிளைமொழியில் பேசக்கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது. லீ குவான் இயூ தாமும் ஹொக்கியனில் மேடையேறுவதை நிறுத்திக்கொண்டார். 1961 ஹொங் லிம் இடைத்தேர்தலுக்காக அரும்பாடுபட்டுக் கற்ற மொழி அது என்பதை நினைத்தால், அவர் இதில் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பது புரியும்.

இந்த இயக்கம் நம் வட்டாரத்தையும் தொட்டது. 1982இல் புதிய கட்டடத்துக்கு மாறிய நம் தேக்கா சந்தைக்கு, அந்த ஹொக்கியன் பெயரின் மாண்டரின் உச்சரிப்பில் ‘சூஜியாவ் நிலையம்’ என்று பெயர் சூட்டினார்கள். தமிழர்களும் மலாய்க்காரர்களும் ஹொக்கியன் முதியவர்களும் அதைத் தேக்கா என்றே தொடர்ந்து அழைத்தனர். 2000ஆம் ஆண்டில் அது அதிகாரபூர்வமாகவே தேக்கா நிலையம் ஆனது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வந்த வேலை விளம்பரங்களால் நானும் என் வயதுடைய பலரும் நேர்முகத் தேர்வு வரைகூடச் செல்ல முடியாமல் போன காலம் ஒன்று உண்டு. பணிக்கு அந்த மொழி ஏன் தேவை என்பதை முதலாளிகள் நியாயப்படுத்த வேண்டும் என்று இன்று முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. அது நல்ல மாற்றம். ஆனாலும் ஒரு பெரும்பான்மைச் சமூகத்துக்குள் நடக்கும் மொழி இயக்கம் அச்சமூகத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும் என்று நம்புவதற்கில்லை.

பாசிர் ரிஸ் தந்தை:

தேக்கா வாசியின் மனக்குறை நியாயமானதே. ஆயினும் அந்தக் காலத்துச் சிக்கலின் அளவை இந்த இழை குறைத்து மதிப்பிடுகிறது என்று நினைக்கிறேன். கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையின் தொடக்க ஆண்டுகளில், ஆங்கிலமும் மாண்டரினும் புரியாத இளைஞர்களுக்காக ஹொக்கியன் அணிகள் என்றே தனி அணிகள் இராணுவத்தில் இருந்தன. ஆணை ஒரு மொழியில், வீரர்களின் புரிதல் வேறொரு மொழியில் என்ற நிலையில் ஒரு சிறிய நாடு தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாது. தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் இதே நிலைதான்.

சீனமொழிப் பள்ளிகள் தேய்ந்துகொண்டிருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1959இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களைச் சீனமொழிப் பள்ளிகள் பெற்றன. 1978இல் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் அவற்றில் சேர்ந்தார். 1980இல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் மாண்டரின் இடமிழந்து வந்தபோது அதை வீட்டிலும் தெருவிலும் ஊன்ற வேண்டும் என்று முயன்றார்கள். அந்த முயற்சி இல்லாமல் போயிருந்தால், இன்று 40 விழுக்காடு என்று நாம் குறை சொல்லும் எண்ணிக்கை வெறும் 10 விழுக்காடாகவே இருந்திருக்கலாம். 1978 நவம்பரில் சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் இங்கே வந்து போனார், அதன்பின் சீனா தன் கதவுகளைத் திறந்தது. அங்கே வணிகம் செய்யச் சென்றவர்களுக்கு இந்த இயக்கத்தின் பயன் கண்கூடு.

இரவுப்பணித் தாதி:

நான் முதியோர் படுக்கைப் பிரிவில் பணியாற்றுகிறேன். இந்த விவாதத்தின் எல்லாப் பக்கங்களும் இரவு எட்டு மணிக்கு, பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில், ஒரே கட்டிலைச் சுற்றி நின்றிருப்பதைப் பார்க்கிறேன். எண்பது வயதைக் கடந்த தியோசியூ மூதாட்டி கட்டிலில் இருப்பார். அவருடைய மகன் தாயிடம் தியோசியூவும் மனைவியிடம் மாண்டரினும் பேசுவார். பேரப்பிள்ளை தந்தையிடம் ஆங்கிலத்தில் கேட்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். மகன் வீட்டுக்குப் போனபின் வலி எங்கே என்று பாட்டியிடம் கேட்டறிவதற்கு எங்களுக்கு இருக்கும் வழி, பழைய கம்பத்து வாழ்க்கையில் அவர் கற்றுக்கொண்ட சந்தை மலாய்தான். “சக்கிட் மானா, நெனெக்?” என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். சாப்பிட்டாயிற்றா என்று ஹொக்கியனில் கேட்கும் “சியா பா போய்” என்பது தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் தாதியருக்குக்கூட முதல் வாரத்திலேயே பாடமாகிவிடும். அதைக் கேட்டதும் அந்த முகங்களில் வரும் மாற்றத்தை நாங்கள் அறிவோம்.

எனவே இயக்கம் வென்றதா தோற்றதா என்று கேட்கும்போது, யார் தனியாக விடப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அரசாங்கமும் இதைப் பிற்காலத்தில் உணர்ந்தே இருக்கிறது. 2014இல் முதியோருக்கான முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டத்தை விளக்கக் கிளைமொழிகளில் காணொளிகள் வந்தன. 2016இல் எட்டாம் ஒளிவழியில் ஹொக்கியன் தொடர் ஒன்று அரசாங்க ஆதரவுடனேயே ஒளிபரப்பானது. கொவிட் காலத்தில் தடுப்பூசி பற்றிய செய்திகளைக் கிளைமொழிகளில் சொல்லாவிட்டால் முதியவர்களைச் சென்றடைய வேறு வழியே இருக்கவில்லை. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு இழந்த மொழியை இவை மீட்டுத் தரவில்லை. முதியவர்களுக்கு அரசாங்கத்தின் செய்தியைக் கொண்டு சேர்த்தன, அவ்வளவுதான்.

பினாங்கு வாசகர்:

எல்லைக்கு அப்பாலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூர் நண்பர்கள் இயக்கத்துக்கு அளவுக்கு மீறிய ஆற்றலைக் கொடுக்கிறார்கள், ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருசேர.

மலேசியாவில் மாண்டரின் பேசச் சொல்லி எந்தப் பிரதமரும் இயக்கம் தொடங்கவில்லை. கிளைமொழி நிகழ்ச்சிகளை அரசாங்கம் அப்படித் துடைத்தெடுக்கவும் இல்லை. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன ஆரம்பப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் மலாய், ஆங்கில மொழிப்பாடங்களைத் தவிர மற்றப் பாடங்களுக்குப் பெரும்பாலும் மாண்டரினே பயிற்றுமொழி. அதன் விளைவு என்ன? பினாங்கில் என் தலைமுறைச் சீன நண்பர்கள் எங்களிடம்கூட ஹொக்கியன் கலந்து பேசுவார்கள், எங்களுக்கும் அது விளங்கும். அவர்களுடைய பிள்ளைகள் தங்களுக்குள் மாண்டரினில் பேசிக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் ஹாங்காங் நாடகங்களின் துணையால் கான்டனீஸ் இன்னும் வலுவாக இருக்கிறது என்றாலும், அங்கும் திசை இதுதான். ஆக, கிளைமொழிகளின் தேய்வுக்கு இயக்கம் ஒரு காரணமாகலாம், ஒரே காரணமாக முடியாது. பிள்ளைகள் நாளுக்கு ஆறு மணிநேரம் எந்த மொழியில் கணக்கும் அறிவியலும் படிக்கிறார்களோ, விளையாட்டுத் திடலில் எந்த மொழியில் சண்டையிடுகிறார்களோ, அந்த மொழி வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் ஆங்கிலம் மாண்டரினை முந்தியதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. 1987இலிருந்து உங்கள் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதல் மொழி. மாண்டரின் ஒரு பாடம். மலேசியச் சீனப் பிள்ளைகள் பெரும்பாலும் இன்றைக்கும் மாண்டரினில்தான் பேசுகிறார்கள், எந்த இயக்கமும் இல்லாமலேயே. எங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை வைத்து நாங்கள் படும் பாடு பெரிது; ஆனாலும் அங்கே படிக்கும் பிள்ளை அறிவியலைத் தமிழில் கேட்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டதை நாங்களும் துக்கத்தோடுதான் கேட்டோம்.

ஷின்சூ ஆய்வு மாணவி:

தைவானில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சிங்கப்பூரை மட்டும் வைத்துப் பேசினால் ஒரு பக்கம் விடுபடும் என்பதால் எழுதுகிறேன். போருக்குப் பின் இங்கே ஆட்சிக்கு வந்த கோமிண்டாங் அரசாங்கம் 1946இலேயே மாண்டரினைப் பரப்ப ஒரு குழுவை அமைத்தது. சிங்கப்பூர் இயக்கம் பெரும்பாலும் வேண்டுகோளாகவும் வசதியாகவும் அமைந்தது. இங்கே நடந்தது கட்டாயம். பள்ளியில் ஹொக்கியனோ ஹக்காவோ பூர்வகுடி மொழியோ பேசிய பிள்ளைகளுக்கு அபராதம் விதித்தார்கள், கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைத்தார்கள். என் ஆய்வக உதவியாளராக இருக்கும் அறுபது வயதுக்காரர் இன்றும் அதைப் பேசும்போது குரல் மாறுகிறார். 1976இல் வந்த ஒலிபரப்புச் சட்டம் கிளைமொழி நிகழ்ச்சிகளை ஆண்டுக்காண்டு குறைக்கச் சொன்னது.

1987இல் இராணுவச் சட்டம் விலக்கப்பட்டபின் காற்று திசை மாறியது. 1993இல் அந்த ஒலிபரப்புக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது; 2001இலிருந்து தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழி வகுப்புகள்; 2003இல் ஹக்கா தொலைக்காட்சி; 2019இல் எல்லா மொழிகளையும் தேசிய மொழிகளாக ஏற்ற சட்டம். தைப்பே பெருவிரைவு ரயிலில் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் மாண்டரின், ஹொக்கியன், ஹக்கா, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் சொல்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் என் வகுப்புத் தோழர்கள் தங்களுக்குள் மாண்டரினில்தான் பேசுகிறார்கள். பாட்டியிடம் பேசும் ஹொக்கியன் அவர்களுக்குப் பாதி வாக்கியத்தில் தீர்ந்துவிடுகிறது. ஒரு தலைமுறை பெற்றோர் தம் மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் சட்டமும் தொலைக்காட்சியும் வந்து அந்த இடத்தை நிரப்புவது மிகக் கடினம். தமிழ்ப் பெற்றோர் தங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால், தயவுசெய்து தைவானைப் பாருங்கள்.

பாசிர் ரிஸ் தந்தை:

பினாங்கு அன்பர் சொல்வதில் ஒன்றை மறுக்க வேண்டும். பள்ளி மட்டுமே முடிவு செய்கிறது என்றால் இயக்கத்துக்குப் பிந்திய பத்து ஆண்டுகளின் வேகத்தை எப்படி விளக்குவீர்கள்? மாண்டரின் 1979க்கு முன்பும் பள்ளிப் பாடமாக இருந்தது, வீட்டுமொழியாகவில்லை. பெற்றோர் அரசாங்கத்தின் வேண்டுகோளைக் கேட்டுத் தங்கள் சொந்த மொழியைப் பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அதை மேலிருந்து வந்த ஆணை என்று மட்டும் பார்ப்பது அந்தப் பெற்றோரின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். பிள்ளை தேர்வில் தேற வேண்டும் என்பதற்காக, தமக்கே சரளமாக வராத மொழியில் சாப்பாட்டு மேசையில் தட்டுத்தடுமாறிப் பேசினார்கள் அவர்கள்.

எண்களின் பக்கம்:

பாசிர் ரிஸ் அன்பர் சொல்லும் வேகம் உண்மையே. தொடக்கநிலை ஒன்றில் சேரும் சீனப் பிள்ளைகளில் 1980இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கிளைமொழி பேசும் வீடுகளிலிருந்து வந்தனர். பத்து ஆண்டுகளுக்குள் அந்தப் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. ஆனால் அதே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் பெற்றோர் ஆனபோது அதே கணக்கைத்தான் போட்டார்கள்: பிள்ளையின் தேர்வுக்கும் வேலைக்கும் எந்த மொழி உதவும்? இம்முறை விடை ஆங்கிலம். 2010இல் வெளியான தாய்மொழி மறுஆய்வுக் குழுவின் அறிக்கைப்படி, ஆங்கிலம் அதிகம் பேசும் வீடுகளிலிருந்து தொடக்கநிலை ஒன்றுக்கு வந்த சீனப் பிள்ளைகளின் பங்கு 1991இல் 28 விழுக்காடு, 2010இல் 59 விழுக்காடு. இந்தியப் பிள்ளைகளுக்கு அதே காலத்தில் 49இலிருந்து 58. 1991இல் நாம் ஆங்கிலத்தில் அவர்களைவிட வெகுதூரம் முன்னால் போயிருந்தோம். இருபது ஆண்டுகளில் அவர்கள் நம்மை எட்டிப் பிடித்துக் கடந்துவிட்டார்கள்.

என் முடிவு இதுதான். பிள்ளையின் எதிர்காலம் என்ற பெயரில் வீட்டுமொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட சமூகம், அதே பாடத்தை இரண்டாம் முறை எவரும் சொல்லாமலேயே பின்பற்றும். ஹொக்கியனைக் கைவிடுவதற்குச் சொல்லப்பட்ட ஒவ்வொரு காரணமும், அதாவது பயன், தேர்வு, மூளைக்குச் சுமை, வணிகம் ஆகிய அத்தனையும், ஒரு தலைமுறை கழித்து மாண்டரினுக்கு எதிராகவும் அப்படியே பொருந்தின. 1990களிலிருந்து இயக்கம் கிளைமொழி பேசுவோரை விட்டுவிட்டு ஆங்கிலம் படித்த சீனர்களை நோக்கித் திரும்பியதே இதற்குச் சான்று. நம் சமூகத்தில் சிலர் ‘தமிழ் படித்தால் என்ன பயன்’ என்று கேட்பவர்களுக்குத் தமிழால் கிடைக்கும் வேலைகளைப் பட்டியலிட்டுக் காட்டுகிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் பயனை மட்டுமே அளவுகோலாக வைத்தால் ஆங்கிலத்திடம் தமிழ் ஒவ்வொரு முறையும் தோற்கும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. விவாதம் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகச் சென்றிருக்கிறது. வகுப்பறையிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

2009 நவம்பரில் சிங்கப்பூர்ச் சீனமொழி நிலையத்தின் திறப்பு விழாவில் லீ குவான் இயூ, இருமொழிக் கல்வியைத் தாம் தவறான முறையில் தொடங்கிவிட்டதாகவும், அதற்குப் பல தலைமுறை மாணவர்கள் விலை கொடுத்ததாகவும் வெளிப்படையாகவே பேசினார். சொல்வதெழுதுதலையும் மனப்பாடத்தையும் வலியுறுத்தியதில் பிள்ளைகள் மொழியையே வெறுத்துவிட்டார்கள் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு மார்ச்சில், கிளைமொழிகளையும் கற்கலாம் என்ற கருத்து நாளிதழில் வந்தபோது அவருடைய அலுவலகத்திலிருந்து மிகக் கடுமையான மறுப்புக் கடிதம் வெளியானது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். கற்பித்த முறையில் பிழை இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டார். கிளைமொழியை ஒதுக்கிய முடிவில் கடைசிவரை உறுதியாக நின்றார்.

தமிழில் நமக்கு நேர்ந்திருப்பதைப் பாருங்கள். நாம் கிளைமொழியை ஒதுக்கச் சொல்லி இயக்கம் நடத்தவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக வகுப்பில் எழுத்துத் தமிழை மட்டுமே மொழி என்று வைத்து, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் ‘வந்தாங்க’, ‘சாப்ட்டேன்’ என்பவற்றைத் திருத்தித் திருத்தி வாயை அடைத்தோம். வீட்டில் பேசுவது தமிழே அல்ல என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், பேசுவதற்கு அதனிடம் மிஞ்சுவது ஆங்கிலம்தான். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, செந்தரப் பேச்சுத்தமிழை வகுப்பில் பயன்படுத்தப் பரிந்துரைத்தது அதனால்தான். மாண்டரினைச் செலுத்துவதற்காக ஹொக்கியனை வெளியேற்றியவர்கள் செய்ததை, எழுத்துத் தமிழுக்காகப் பேச்சுத்தமிழிடம் நாமும் செய்தோம்.

தேக்கா வாசி:

பேச்சுத்தமிழைப் பற்றி ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒப்பீடு முழுமையானது அன்று. ஹொக்கியன் பேசிய வீட்டுக்கு மாண்டரின் வேற்றுமொழி; தமிழ் பேசும் வீட்டுக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவு அந்நியம் ஆகாது. தவிர, சீனர்களுக்கு எண்ணிக்கை இருந்தது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு, 2010இல் 3.3 ஆக இருந்தது. மாண்டரின் ஓரளவு தேய்ந்தாலும் காப்பிக்கடையில் அதைக் கேட்கலாம். தமிழ் தேய்ந்தால் சிராங்கூன் சாலையை விட்டு வெளியே வந்ததும் காதில் விழாது. எனவே நமக்கு இயக்கமே வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். அதிகாரபூர்வ மொழி என்ற தகுதியும், வசந்தம் தொலைக்காட்சியும், தமிழ் முரசு நாளிதழும், வளர்தமிழ் இயக்கமும், 2007இலிருந்து நடைபெறும் தமிழ்மொழி விழாவும் இல்லாதிருந்தால் இந்த 2.5உம் இருந்திருக்காது.

இரவுப்பணித் தாதி:

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்களைப்போல் முறைமாற்று வேலை பார்க்கும் பெற்றோர் வீட்டில் பிள்ளையுடன் இருக்கும் நேரமே குறைவு. அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். நாங்கள் நடைமுறையில் என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் ஆசிரியர்:

நியாயமான கேள்வி, சகோதரி. என் மாணவர்களில் நன்றாகத் தமிழ் பேசுபவர்களின் வீடுகளில் நான் பொதுவாகக் காண்பது ஒன்று உண்டு: வீட்டுப்பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடக்கிறது. பின்னத்தைக் கழிப்பது எப்படி என்று அம்மா தமிழில் கேட்கிறார், பிள்ளை ஆங்கிலச் சொற்களை இடையிட்டுத் தமிழில் விளக்குகிறது. அந்தக் கலப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பினாங்கு அன்பர் சொன்னபடி அறிவியலையும் கணக்கையும் தமிழில் கேட்கும் வாய்ப்பு எங்கள் பள்ளிகளில் இல்லை. அந்த வாய்ப்பை நாளுக்கு அரை மணிநேரமாவது வீடுதான் தர முடியும். இரவுப்பணி இருக்கும் நாள்களில் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் தமிழில் பேசவிடுங்கள், ஊரில் இருந்தாலும் சரி.

தேக்கா வாசியின் கருத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. விழாவும் வேண்டும், ஒளிவழியும் வேண்டும். என் பள்ளியின் அடுத்த பெற்றோர் சந்திப்பில் தமிழ்ப் பிரிவின் சார்பாக ஒன்றைக் கேட்க இருக்கிறேன். தமிழ் மாணவர்களின் முன்னேற்றத்தைப் பற்றிப் பெற்றோரிடம் நாங்கள் ஆங்கிலத்தில் பேசும் வழக்கத்தை நிறுத்தி, அவர்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே, பிள்ளையையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு பேச அனுமதி வேண்டும் என்பதே அது. மற்றப் பள்ளிகளில் இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருந்தால், பெற்றோர் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.